சிவப்புப் படகு என்று சொன்ன ஆள்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் சேலையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். உயிரோடு நடமாடுகிற மனிதர்களைச் சந்தேகப்படவே எனக்குப் பொழுது போதாது, இதில் செத்தவர்களை வேறு யார் சந்தேகப்படுவது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள், நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான், பகல் வெளிச்சத்தில், என் இரண்டு கண்ணால் பார்த்தது.

என் பெயர் சுகிர்தம். எழுபதுகளின் நடுவில் சித்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தேன். என் வீட்டுக்காரர் தேவதாஸ் திருப்பதியில் ஒரு மரக்கிடங்கில் ஸ்டோர்கீப்பர். வாரம் முழுக்க அங்கேயே ஒரு அறையில் தங்கிவிட்டு சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருவார், திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் எங்கள் மகள் கிருபாவும்தான், அவளுக்கு அப்போது எட்டு வயது. ஆம்பளை இல்லாத வீடு என்று தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காத நாளே கிடையாது. அதனால் அவருடைய பழைய செருப்பு ஒரு ஜோடி எப்போதும் வாசலில் கிடக்கும், அவருடைய சட்டை ஒன்று எப்போதும் கொடியில் தொங்கும், காய்ந்த சட்டையையே நனைத்து மறுபடி போடுவேன். பஸ்ஸில் போனால் கண்டக்டருக்குப் பக்கத்து சீட், கையில் ஒரு ஊக்கு, இறங்குகிற இடம் வரை கண்ணில் விளக்கெண்ணெய். யாராவது பின்னால் வருகிற மாதிரி இருந்தால் நேராக வீட்டுக்குப் போகமாட்டேன், ஏதாவது கடையில் ஏறி நின்று அந்த ஆள் தாண்டிப் போனபிறகுதான் நடப்பேன். பள்ளியில் டிரில் டீச்சரிடம் கேட்டு வாங்கிய விசில் ஒன்று என் பையில் இருக்கும். கிருபா எந்தப் பள்ளியில் படிக்கிறாள், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று பால்காரர் கேட்டால்கூட பேச்சை மாற்றிவிடுவேன்.

இதற்கெல்லாம் மேலே எங்கள் வீட்டில் ஒரு அடையாள வார்த்தை இருந்தது. அப்போது எங்கேயோ பாலம் கட்டுகிறார்கள், அஸ்திவாரத்துக்குப் பிள்ளைத் தலை தேடுகிறார்கள் என்று ஊரெல்லாம் புரளி. பாலக் கதையை நான் நம்பவில்லை, ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக எவனுக்கும் பாலம் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். "உங்க நைனா கூட்டிக்கினு வரச் சொன்னாரு" என்று யாராவது வந்து நின்றால், அந்த வார்த்தையைச் சொன்னால்தான் போகவேண்டும். கிருபாவுக்கு மட்டுமில்லை, எனக்கும் அதே சட்டம்தான்.

வார்த்தையை எங்கே எடுத்தோம் என்று சொல்லவேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம், அந்த வருஷத்துக்கு அவரவருக்கான வசனம் அதில் இருக்கும். அச்சடித்த அட்டை வாங்க எங்கள் சபைக்கு வசதி கிடையாது. போதகரான ஐயருடைய மனைவி, நாங்கள் ஐயரம்மா என்போம், வெளிநாட்டிலிருந்து வருகிற கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைச் சேர்த்து வைத்து, துண்டு துண்டாக வெட்டி, பின்பக்கத்தில் கையால் வசனம் எழுதி, ஒரு மூங்கில் தட்டில் கவிழ்த்து வைப்பார். வசனம் எல்லோரும் படிப்பார்கள். முன்பக்கத்தில் அரைகுறையாக வெட்டுப்பட்ட படம் ஒன்று இருக்குமே, அதை யாரும் கவனிப்பதில்லை. கிருபா எடுக்கிற அட்டையில் என்ன படமோ அதுதான் எங்களுக்கு அந்த வருஷத்து வார்த்தை. அட்டையைப் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டிவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தமாஷ். "உங்கிட்ட எமன் வந்தாகூட வாசல்லயே நிக்க வச்சி வார்த்த கேப்படி" என்பார். கேட்பேன், அதிலென்ன என்பேன்.

முதல் தடவை அந்த ஆள் வந்தது ஒரு புதன்கிழமை. அந்த வருஷத்து வார்த்தை மணி. நாலு மணிக்குப் பள்ளி விட்டு, பிள்ளைகள் எல்லாம் போனபிறகு கிருபாவோடு பெரிய கேட் பக்கம் வருகிறேன், உள்பக்கத்து வேப்பமரத்தடியில் ஒருவர் நிற்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாக இருந்தது. வெள்ளைச் சட்டை. பாக்கெட் ஓரத்தில் ‘ட’ போலக் கிழிந்து, அதைப் பச்சை நூலால் தைத்திருந்தது. தையல்காரி கண் அங்கேதான் போகும். நெருக்கமான சுத்தமான தையல், முடிகிற இடத்தில் பிரியாமல் இருக்கச் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அது நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முடிச்சு. எங்கள் பள்ளித் தாவணியும் பச்சைதான். நம்மிடம் படித்த பெண் யாரோ இவனுக்குப் பெண்டாட்டியோ தங்கையோ போலிருக்கிறது, அதை வைத்துத்தான் உள்ளே நுழைந்திருக்கிறான் என்று உடனே கணக்குப் போட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். "அம்மா, ஐயாவுக்கு மார் வலிம்மா. பாகாலேது, ஒடம்பு சரியில்ல. பாப்பாவ கூட்டிக்கினு உடனே வாங்க. இந்த தபாவாவது சீக்கிரம் வாங்கம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்தப் பதற்றத்திலும் ‘இந்த தபாவாவது’ என்றது காதில் முள்ளாகத் தைத்தது. இவனை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை, எந்தத் தடவை நான் தாமதமாகப் போனேன்? கிருபாவை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, "என்ன வார்த்த சொல்லி அனுப்பிச்சாரு?" என்று கேட்டேன்.

"சிவப்புப் படகும்மா."

தப்பு. நான் விசிலை எடுத்து ஊதினேன் பாருங்கள், ஆபீஸ் அறையிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் செருப்பில்லாமல் ஓடிவந்தார். நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கும்போது மரத்தடியில் யாரும் இல்லை. கேட் சாத்தியபடி இருந்தது. வாட்ச்மேன், அப்படி ஒரு ஆள் வரவும் இல்லை போகவும் இல்லை என்று சாதித்தார். தூங்கியிருப்பார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அறையிலிருந்தே திருப்பதிக்கு டிரங்கால் போட்டோம். கிடங்கில் என் வீட்டுக்காரரே எடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "நான் யாரையும் அனுப்பலயே. காலைல மார்ல கொஞ்சம் புடிச்சிக்கினு இருந்தது, வாயுதான், ஒரு சோடா குடிச்சேன் சரியாப் போச்சி" என்றார். கண்ட கடையில் பஜ்ஜி தின்னாதீர்கள் என்று திட்டிவிட்டு போனை வைத்தேன். எனக்கு அப்போது மனசெல்லாம் அந்தப் பிள்ளை பிடிக்கிறவன் மேல்தான்.

வழியில் கிருபா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அந்த மாமா அழுதுக்கினு இருந்தாரும்மா."

"புள்ள புடிக்கிறவன் சிரிச்சிக்கினா வருவான்? எல்லாம் நடிப்பு" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. சபையில், பள்ளியில், எதிர்வீட்டில், ஒருவர் விடாமல் சொன்னேன், பார்த்தீர்களா என் ஏற்பாடு என் பிள்ளையைக் காப்பாற்றியது என்று.

அந்தக் கர்வம் வருஷப் பிறப்பு வரைதான். ஆராதனை முடிந்து கிருபா தட்டிலிருந்து அட்டையை எடுத்து, வழக்கம்போல என் கைக்குள் ஒளித்துக் கொடுத்தாள். திருப்பினேன். பனி விழுந்த ஒரு கரை, அதில் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிற படகு ஒன்று. சிவப்பு.

நேராக ஐயரம்மாவிடம் போய் இந்த அட்டை எப்போது வந்தது என்று கேட்டேன். "பத்து நாள் முன்னாலதாம்மா தபால்ல வந்தது. நேத்துதான் வெட்டினேன், ஏன், வசனம் புடிக்கலியா?" என்றார். புதன்கிழமை ஆள் வந்துபோய் நாலு மாசம் ஆகியிருந்தது. அப்போது இந்த அட்டை கடலுக்கு அந்தப் பக்கத்தில் எந்தக் கடையில் இருந்ததோ.

வேறு யாராக இருந்தாலும் ஜெபக்கூட்டம் வைத்திருப்பார்கள். என் புத்தி போன போக்கு வேறு. இந்த வருஷத்து வார்த்தை அவனுக்குத் தெரியும், வருஷத்தைத்தான் தப்பாகச் சொல்லிவிட்டான், இனி சரியாக வருவான் என்று பட்டது. உடனே வார்த்தையை மாற்றினேன். அட்டையும் வேண்டாம் படமும் வேண்டாம், இனிமேல் ‘உலக்கை’ என்று சொல்லிவிட்டேன்.

"உலக்கன்னு சொல்லிக்கினு ஒருத்தன் வந்து நின்னா ஊரே சிரிக்கும்டி" என்றார் வீட்டுக்காரர். சிரிக்கட்டும் என்றேன்.

அந்த வருஷம் மழை பிடிக்கிற சமயம், ஒரு சனிக்கிழமை. ராத்திரி அவர் வருவார் என்று மீன் வாங்கிக் குழம்பு கூட்டி வைத்திருந்தேன். பகல் ஒரு மணி இருக்கும். வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே ஆள். அதே வெட்டுப்பட்ட புருவம், அதே வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் மட்டும் கிழிசலும் இல்லை, பச்சைத் தையலும் இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தானா என்று பல்லைக் கடித்தேன்.

"அம்மா, சுகிர்தம் அம்மா வீடு இதானா? என் பேரு முனிரத்தினம். ஊரு தடாப் பக்கம். கெடங்குல சேந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. ஐயாவுக்கு மார் வலிம்மா, ஆஸ்பத்திரில சேத்துட்டு வரேன். பாப்பாவப் பாக்கணும்னு கேட்டுக்கினே இருக்கார்."

"என்ன வார்த்த சொன்னாரு?"

"சிவப்புப் படகுன்னாரும்மா."

அதற்குமேல் அவரைப் பேச விடவில்லை. விசில் ஊதினேன். தெருவே தயாராக இருந்தது, நான்தான் போன வருஷமே எல்லோருக்கும் கதை சொல்லி வைத்திருந்தேனே. நாலு வீட்டு ஆம்பளைகள் ஓடிவந்தார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்து இழுக்க, ஒருவர் முதுகில் வைக்க, அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டபடி, "அடிங்க, பரவால்ல, அம்மாவ மட்டும் அனுப்புங்க, டைம் இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தெருமுனைவரை தள்ளிக்கொண்டுபோய் விட்டார்கள். ஓடிப்போகவில்லை. டாக்ஸியோடு முனையிலேயே நின்றார்.

அதுதான் எனக்கு உறுத்தியது. திருடன் எதற்கு நிற்கிறான்? பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதையென்று தாண்டவும் முடியவில்லை. சரி, போன் போட்டுக் கேட்டுவிடுவோம் என்று கிருபாவோடு எதிர்வீட்டு அண்ணனையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஆபீஸ் பூட்டியிருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி வந்தோம். டிரங்கால் புக் செய்து காத்திருந்தோம். முதல் தடவை கிடங்கில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி புக் செய்தோம். மறுபடி காத்திருந்தோம். கடைசியில் கிடங்கு முதலாளியின் மனைவி எடுத்தார். நான் பெயரைச் சொன்னதும் அந்தம்மா கேட்ட கேள்வி இதுதான்:

"ஐயோ, இன்னுமா நீங்க கெளம்பல?"

திருப்பதி போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. முனிரத்தினம் வழி முழுக்க டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், என்னைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு கிருபாவின் தலையில் கை வைத்தாள். அரை மணி முன்னால் போய்விட்டார். கடைசிவரை நினைவு இருந்ததாம். கதவு திறக்கும்போதெல்லாம் வந்துட்டாங்களா, வந்துட்டாங்களா என்று கேட்டாராம். வார்த்தையை மாற்றியதுகூட அந்த வலியில் அவருக்கு ஞாபகம் இல்லை, இத்தனை வருஷப் பழக்கத்தில் அட்டையில் இருந்த படத்தைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்ட நேரமும் போனுக்குக் காத்திருந்த நேரமும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அந்தக் கணக்கை நான் இன்றுவரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பிற்பகல் முனிரத்தினம் மறுபடி சித்தூருக்கு வந்தார். அறையில் கிடந்த என் வீட்டுக்காரருடைய டிரங்குப் பெட்டி, குடை, செருப்பு எல்லாம் கொண்டுவந்திருந்தார். அதே சட்டைதான் போட்டிருந்தார். துவைத்திருந்தார், ஆனால் தெருக்காரர்கள் இழுத்ததில் பாக்கெட் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கம் தாங்கவில்லை. மன்னிப்பு என்று வாயால் கேட்கத் தெரியவில்லை. "சட்டைய கழட்டிக் குடுங்க, தச்சித் தரேன்" என்றேன். வேண்டாம்மா என்றார், நான் விடவில்லை. அவருக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு ஊசி டப்பாவைத் திறந்தேன்.

அவர் வாசல் தூணோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொன்னதையே சொன்னார். "இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்மா நான். வலின்னு மொத தபா சொன்னப்பவே வந்து கூட்டிக்கினு போயிருக்கணும். முன்னாடியே வந்திருக்கணும்."

"உங்க மேல தப்பில்லண்ணா. நான்தான் பாவி" என்று சொல்லிவிட்டு, கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தேன். கடித்தபிறகுதான் என் கையில் இருப்பதைப் பார்த்தேன். டப்பாவில் இருந்தது பள்ளித் தாவணிக்கு வாங்கிய நூல்தான், பச்சை. கிழிசல் ‘ட’ போல இருந்தது. முடிகிற இடத்தில், நான் எப்போதும் போடுகிற பெருக்கல் குறி.

அந்தத் தையலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின வருஷம், வேப்பமரத்தடியில்.

எப்படியோ, "நீங்க போன வருஷம் எங்க ஸ்கூலுக்கு வந்தீங்களா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், அந்தப் பார்வையில் பொய் இல்லை, நான் பொய்யைத் தேடிப் பழகினவள். "இல்லம்மா. அன்னிக்கு டாக்ஸில வந்ததுதான் சித்தூருக்கு மொத தபா" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு, தைத்த இடத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. கிடங்குக்கு அவர் திரும்பவே இல்லை என்று முதலாளியின் மனைவி பிறகு சொன்னார். தடாப் பக்கம் ஆள் விட்டுத் தேடினார்களாம், வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. ஓடிப்போயிருப்பார், வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கும், நூல் பச்சையாக இருந்தது தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். மரத்தடியில் அழுதுகொண்டு நின்றவரோடு அந்தப் புதன்கிழமையே கிளம்பியிருந்தால், வாயு இல்லை இது என்று ஒரு டாக்டர் அன்றைக்கே சொல்லியிருப்பார், என் வீட்டுக்காரர் இன்னும் இருந்து என்னைக் கேலி செய்துகொண்டிருப்பார் என்று நினைத்தால் மட்டும் நெஞ்சை அடைக்கிறது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை, கிருபாவிடம்கூட. முனிரத்தினம் படியிறங்கினவர் நின்று, அவளைப் பார்த்து, "பாப்பா எங்க படிக்குது? எத்தினி மணிக்கு வுடுவாங்கோ?" என்று கேட்டார். பால்காரருக்கும் சொல்லாத நான், அந்த மனுஷனுக்குச் செய்த பாவத்துக்குப் பதிலாக நினைத்தோ என்னவோ, வாய் திறந்து சொன்னேன். என் ஸ்கூல்தான், நாலு மணிக்கு, பெரிய கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் நின்றால் பார்க்கலாம் என்று. அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.

நான் மணியைத்தான் சொன்னேன். வருஷத்தைச் சொல்லவில்லை.